சாகாத பலகைகள்

போன வருஷம் ஒரு காலை, நம்ம ஈ.சி.ஆர். கோவளத்தில் நின்றுகொண்டிருந்தேன். நாற்பதைத் தாண்டிய வயதில் அலைச்சறுக்கு கற்றுக்கொள்ளலாம் என்று ஒரு ஆசை. கொட்டகையில் பலகைகளை வரிசையாகச் சாத்தி வைத்திருந்தார்கள். அதில் ஆறடியில் ஒன்று, கூர்மூக்கும் மெல்லிசு உடம்புமாக வெள்ளை வெளேரென்று இருந்தது. டிவியில் பார்த்த அதே பலகை. "இது குடுங்க" என்றேன். சொல்லிக்கொடுக்கிற பையன், மீனவக் குடும்பத்துப் பிள்ளை, சிரித்துவிட்டான்.

"அதுல உங்களால படுக்கவே முடியாது சார். நிக்கறது அப்புறம். இத எடுத்துக்கங்க."

அவன் கொடுத்தது ஒன்பதடி நீளத்தில் தட்டையான ஒரு நுரைப் பலகை. வீட்டு வாசல் கதவைப் பெயர்த்துக்கொண்டு வந்த மாதிரி இருந்தது. கௌரவக் குறைச்சலாகத்தான் பட்டது. ஆனால் ஒரு மணி நேரத்தில் அதன்மேல் இரண்டு தடவை எழுந்து நின்றுவிட்டேன்.

அதுகூடப் பெரிசில்லை. பதினோரு மணிக்கு மேல் அலை சின்னதாகிச் சோம்பலாக உருள ஆரம்பித்தது. அந்தப் பையன் தன்னுடைய குட்டைப் பலகையை மணலில் வைத்துவிட்டு, ஒரு நீளப் பலகையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். கத்துக்குட்டிக்கும் அதுதான், கை தேர்ந்தவனுக்கும் அதுதானா? வீட்டுக்கு வந்து படிக்க உட்கார்ந்தேன். அன்றைக்குப் பிடித்தது இன்னும் விடவில்லை.

பொதுவாக ஒரு பொருளின் வரலாறு என்றால் புதுசு வந்து பழசைக் கொன்ற கதையாகத்தான் இருக்கும். கேசட்டை சிடி கொன்றது, சிடியை செல்போன் கொன்றது. அலைப்பலகையின் கதை அப்படிப் போகவில்லை. நூறு வருஷத்தில் நாலைந்து தடவை "பழைய பலகை செத்தது" என்று அறிவித்திருக்கிறார்கள். செத்ததாகச் சொன்னவற்றில் பல இன்றைக்கும் கடலில் இருக்கின்றன. நிஜமாகவே போனது வேறொன்று. அதற்கும் வருகிறேன்.

அரசன் பலகை, ஊர்ப் பலகை

அலைமேல் பலகையில் நின்று வரும் கலையை மிக உயரத்துக்குக் கொண்டுபோனவர்கள் ஹவாய் மக்கள். காப்டன் குக்கின் கப்பல்கள் அங்கே போய்ச் சேர்ந்தது 1778-ல். மறு வருஷம் கேலகேகுவா விரிகுடாவில் அந்த மக்கள் பலகையோடு அலைக்குள் பாய்வதை ஜேம்ஸ் கிங் என்ற அதிகாரி வியந்து குறித்துவைத்தார்.

ஹவாய்க்காரர்களிடம் முக்கியமாக மூன்று வகை இருந்தது. சின்னதாக, பெரும்பாலும் படுத்தபடி போவது பைபோ. மெல்லிசாக, முன்பக்கம் வட்டமாக, பெரும்பாலும் ஏழிலிருந்து பன்னிரண்டடிக்குள் இருப்பது அலாயா. மூன்றாவது ஓலோ, பதினைந்து அடிக்கும் மேல் நீளமான ராட்சசப் பலகை. (அலாயா என்றதும் "அலையா? அப்ப ஹவாய் மொழியும் தமிழ்தான்" என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். காதுக்கு இனிமையான தற்செயல், அவ்வளவுதான்.)

அலாயாவைக் கோவா மரத்திலும் ஈரப்பலா மரத்திலும் செய்தார்கள். கோவா நம்ம வேல மரங்களுக்கு உறவு. ஓலோவுக்கு உகந்ததாகச் சொல்லப்படுவது விலிவிலி மரம், கல்யாண முருங்கையின் நேர் பங்காளி. தக்கை மாதிரி இலேசான கட்டை. மரத்தை வெட்டும் முன் அடியில் ஒரு சிவப்பு மீனைக் காணிக்கையாக வைப்பார்கள். பிறகு கல் உளியால் செதுக்கி, பவழக்கல்லால் தேய்த்து, கரி பூசி, எண்ணெய் தடவி மெருகேற்றுவார்கள்.

அலாயா எல்லாருக்கும். ஓலோ தலைவர்களுக்கு மட்டும். 'காபு' என்ற விலக்குமுறை அங்கே இருந்தது. எந்தப் பலகையில் யார் போகலாம், எந்த அலை யாருக்கு என்றுகூட அது தீர்மானித்தது. படித்தபோது எனக்கு நம்ம ஊர்க் குளத்துப் படித்துறைதான் ஞாபகம் வந்தது. தண்ணீரிலும் கோடு போடத் தெரிந்தவர்கள் எல்லா ஊரிலும் இருந்திருக்கிறார்கள்.

பாகி என்ற தலைவருடைய ஓலோ பலகைகள் இன்றும் ஹொனலுலுவின் பிஷப் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பதினாறடியை நெருங்கும் நீளம், எழுபது கிலோவை நெருங்கும் எடை. இதைத் தூக்கிக் கடலில் போடுவதே ஒரு வேலை. ஆனால் உள்ளே போய்விட்டால் அதன் குணம் வேறு. வெகு தொலைவில், இன்னும் உடையாமல் லேசாக மேடிட்டு வரும் அலையையே பிடித்துவிடும். திருப்புவது கஷ்டம். நேராக, நிதானமாக, ராஜா மாதிரி வரலாம்.

கலை எப்படிச் சாகிறது

காபு முறை 1819-ல் ஒழிந்தது. அடுத்த வருஷம் கிறிஸ்தவ மிஷனரிகள் வந்து இறங்கினார்கள். அலைச்சறுக்கை அவர்கள்தான் அழித்தார்கள் என்று பல இடங்களில் ஒற்றை வரியில் எழுதியிருப்பார்கள். அவர்களுக்கு அது பிடிக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் பெரிய காரணம் அதைவிடக் கொடூரமானது: அம்மை, தட்டம்மை, காய்ச்சல். குக் வந்தபோது பல லட்சமாக இருந்ததாகக் கணிக்கப்படும் ஹவாய் மக்கள் தொகை, 1890-ல் கலப்பினத்தவரையும் சேர்த்துச் சுமார் 40 ஆயிரம். பலகை செய்யத் தெரிந்தவன் செத்தான், ஓட்டத் தெரிந்தவன் செத்தான், கற்றுக்கொள்ள வேண்டிய பிள்ளையும் செத்தது. 1893-ல் அரசும் போயிற்று.

இந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். அலாயாவும் ஓலோவும் வேறொரு நல்ல பலகையிடம் தோற்றுப் போகவில்லை. அவற்றின்மேல் நின்றவர்கள் இல்லாமல் போனதால் மூலைக்குப் போயின. "வடிவமைப்பின் பரிணாமம்" என்று அழகாகப் படம் போட்டு, இடப்பக்கம் ஓலோ, வலப்பக்கம் இன்றைய பலகை என்று அம்புக்குறி இழுக்கும்போது இந்த நூறு வருஷச் சாவு அந்த அம்புக்குள் மறைந்துவிடுகிறது.

முழுசாக அணையவும் இல்லை. 1885-ல் ஹவாய் இளவரசர்கள் மூன்று பேர் கலிஃபோர்னியாவின் சான்டா க்ரூஸில், செம்மரப் பலகையில் (அங்கத்திய ரெட்வுட், நம்ம செஞ்சந்தனம் இல்லை) அலையேறிக் காட்டினார்கள். இளவரசி கையுலானியின் அலாயா பலகையும் பிஷப் அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வைகீகீ கடற்கரையில் கலை மறுபடி துளிர்த்தது. நீச்சலில் ஒலிம்பிக் தங்கம் வென்ற டியூக் கஹனமோகு ஆஸ்திரேலியா போனபோது, உள்ளூரில் கிடைத்த பைன் மரத்தில் ஒரு பலகை செதுக்கி, 1914 டிசம்பரில் சிட்னியின் ஃப்ரெஷ்வாட்டர் கடற்கரையில் ஓட்டிக் காட்டினார். அந்தப் பலகையை இன்றுவரை அந்தக் கடற்கரையிலேயே பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

ஓட்டை, சுக்கான், கோடாரி

1920-களில் டாம் பிளேக் என்ற அமெரிக்கர் பிஷப் அருங்காட்சியகத்தில் பாகியின் பழைய பலகைகளைச் சுத்தப்படுத்திச் சீர்செய்யும் வேலையை எடுத்துக்கொண்டார். அதே மாதிரி ஒன்று செய்துபார்க்க ஆசை. ஆனால் எடை? மரத்தில் வரிசையாக ஓட்டைகள் போட்டார், மேலும் கீழும் மெல்லிய பலகையால் மூடினார். அங்கிருந்து, விமானச் சிறகு மாதிரி உள்ளே சட்டங்கள் வைத்த குழிப் பலகைக்குப் போனார். 1932-ல் காப்புரிமையும் வாங்கினார். ஆக, அந்தக் காலத்தின் அதிநவீனப் பலகை, அருங்காட்சியகத்துச் சுவரில் தொங்கிய ஓலோவைப் பார்த்துப் பிறந்தது.

1935-ல் பிளேக் இன்னொன்றும் செய்தார். கைவிடப்பட்ட ஒரு விசைப்படகின் அடிக்கட்டைத் தகட்டை எடுத்துப் பலகையின் வாலுக்கு அடியில் பொருத்தினார். இதுதான் ஃபின். மீனின் செட்டை மாதிரி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு நிற்கும்; பலகையின் பின்பக்கம் பக்கவாட்டில் வழுக்காது. அதுவரை காலைத் தண்ணீரில் இழுத்துத்தான் திசை திருப்பிக்கொண்டிருந்தார்கள். ஃபின் பரவலாகப் பிடிக்கப் பல வருஷங்கள் ஆனது.

ஹவாய்ப் பையன்கள் அதே பிரச்சினையை 1937-ல் வேறு வழியில் தீர்த்தார்கள். செங்குத்தான அலையில் அகலமான வால் வழுக்கி, ஆள் கவிழ்ந்துகொண்டே இருந்தான். ஜான் கெல்லி, வாலி ஃப்ராய்செத், ஃப்ரான் ஹீத் என்று மூன்று பேர். ஒரு நாள் வெறுத்துப்போய்க் கோடாரியை எடுத்து ஹீத்தின் பலகையின் வாலைக் குறுக்கி வெட்டிவிட்டார்கள். குறுகிய வால் அலைச்சுவரில் ஆழமாக இறங்கிப் பிடித்துக்கொண்டது. 'ஹாட் கர்ல்' பிறந்தது. இன்று ஹவாயின் பெரிய அலைகளில் ஓட்டும் 'கன்' பலகைகளின் குறுகலான வால் அந்தக் கோடாரி வெட்டின் வழிவந்ததுதான்.

"பொம்பளைங்க பலகை"

இரண்டாம் உலகப் போர் இரண்டு பொருள்களைக் கொண்டுவந்து சேர்த்தது: கண்ணாடி நார், அதை ஊறவைத்துக் கெட்டியாக்கும் பிசின். எக்வடோரின் பால்சா மரம் மிக இலேசானது, ஆனால் தண்ணீரைக் குடித்துவிடும். மேலே கண்ணாடி நாரும் பிசினும் போர்த்தினால் அந்தக் கவலை இல்லை. பாப் சிம்மன்ஸ் என்ற கலிஃபோர்னியர் வேகப்படகுகளின் அடிப்பாகம் பற்றிய நூல்களைப் படித்து, தண்ணீரைக் கிழிக்காமல் அதன்மேல் ஏறி வழுக்கும் பலகையைக் கணக்குப்போட்டுச் செய்தார். சிலவற்றில் இரண்டு ஃபின் வைத்தார். 1954-ல் வின்டன்ஸீ அலையில் மூழ்கி இறந்துபோனார்.

எனக்கு ரொம்பப் பிடித்த கதை 1947-ல் நடந்தது. ஜோ குவிக் என்ற பலகைச் செதுக்குநர், டாரிலின் ஜானக் என்ற பெண்ணுக்காக வழக்கத்தைவிட இலேசான பலகை ஒன்று செய்தார். பெண் தூக்க வேண்டுமே, அதனால்தான் இலேசு. மாலிபு கடற்கரை ஆண்கள் அதை விளையாட்டாக இரவல் வாங்கிப் போனார்கள். போனவர்கள் திருப்பிக் கொடுக்க மனசில்லாமல் வந்தார்கள். அவர்களுடைய பாரமான பலகைகள் நேராகப் போகும். இது நினைத்த இடத்தில் திரும்பியது. "பெண்களுக்கான பலகை" என்று ஆரம்பித்தது, கொஞ்ச வருஷத்தில் மாலிபுவின் பொதுப் பலகை ஆகிவிட்டது. இன்றைய நீளப் பலகையின் நேரடிப் பாட்டி இவள்தான்.

1958 வாக்கில் ஹோபி ஆல்டரும் கோர்டன் கிளார்க்கும் பால்சாவுக்குப் பதில் பாலியுரித்தேன் நுரையை அச்சில் ஊற்றும் முறையைக் கைவசப்படுத்தினார்கள். மரத்துக்குக் காத்திருக்கிற வேலை இல்லை. அடுத்த வருஷம் 'கிட்ஜெட்' படம் வந்து ஊரெல்லாம் பலகை கேட்டது.

இரண்டே வருஷம்

1966-ல் சான் டியாகோவில் உலகப் போட்டி. அப்போதைய அழகு என்பது பலகையின் மூக்கு நுனிக்கு நடந்து போய் நிற்பது. ஆஸ்திரேலியாவின் நாட் யங், 9 அடி 4 அங்குலத்தில் வழக்கத்தைவிட மெல்லிய ஒரு பலகையோடு வந்தார். அடியில் ஜார்ஜ் கிரீனோவின் பாணியில் ஒரு ஃபின். கிரீனோ முழங்காலிட்டு ஓட்டுகிறவர். தன் ஃபின்னை சூரை மீனின் வாலைப் பார்த்துச் செய்தவர். நாட் யங் மூக்குக்கு நடக்கிற வேலையில் மினக்கெடாமல் அலையின் மேலும் கீழும் வெட்டி வெட்டித் திரும்பினார். ஜெயித்தார்.

அதோடு அணை உடைந்தது. 1967-ல் பாப் மக்டாவிஷ் அடிப்பக்கம் 'வி' வடிவில் ஆழமான பலகை செய்தார். ஹவாயில் டிக் புரூவர் கூர்ந்த குட்டைப் பலகைகள் செய்தார். பத்தடியிலிருந்து ஏழடிக்கும் அதற்குக் கீழும் வர இரண்டே வருஷம்தான் ஆனது. கடைகளில் நீளப் பலகைகள் விலைபோகாமல் நின்றன. பையன்கள் பழைய பலகையின் கண்ணாடி நாரை உரித்து, உள்ளே இருந்த நுரையைக் குட்டையாகச் செதுக்கிக்கொண்டார்கள். அக்காலத்து நல்ல நீளப் பலகைகளில் நிறைய அப்படித்தான் காணாமல் போயின.

குட்டைப் பலகை செங்குத்தான அலையில், அலையின் குழலுக்குள்ளேயே போகவிட்டது. நியாயம்தான். ஆனால் சின்ன, தட்டையான அலையில் அது மூழ்கும், நகராது. உலகத்தில் பெரும்பாலான கடற்கரைகளில் பெரும்பாலான நாள்கள் வருவது அந்த மாதிரி அலைதான். புரட்சிக்காரர்கள் கவனிக்காமல் விட்டது இதைத்தான்.

மீன் வாலும் மூன்று ஃபின்னும்

சான் டியாகோவில் ஸ்டீவ் லிஸ் என்ற இளைஞர் 1967 வாக்கில் முழங்காலிட்டு ஓட்ட ஒரு குட்டி, அகலப் பலகை செய்தார். வால் மீன் வால் மாதிரி பிளந்திருக்கும், இரண்டு ஃபின் இருக்கும். பெயரே 'ஃபிஷ்'. 1972-ல் அங்கே நடந்த உலகப் போட்டிக்கு டேவிட் நுயிவா இந்த மாதிரிப் பலகையோடு வர, அதை யாரோ திருடி, உடைத்து, கடல் பாலத்தில் தொங்கவிட்டார்கள். எங்க ஊர்ச் சரக்கை நீ எடுக்காதே என்ற கோபம்தான்.

ஆனாலும் அந்த எண்ணம் ஊர் தாண்டியது. அதை ஒட்டிய இரட்டை ஃபின் பலகை ஒன்றை 1976-ல் சிட்னியில் ரெனோ அபெலிரா ஓட்ட, மார்க் ரிச்சர்ட்ஸ் பார்த்தார். தனக்கேற்றபடி மாற்றிக்கொண்டார். 1979 முதல் 1982 வரை நாலு வருஷமும் உலகப் பட்டம் அவருக்கே.

சைமன் ஆண்டர்சன் பெரிய உடம்புக்காரர். இரட்டை ஃபின் பலகை அவர் காலடியில் வழுக்கிக்கொண்டே இருந்தது. 1980 அக்டோபரில் நண்பர் ஒருவருடைய பலகையில் பின்னால் ஒரு குட்டி மூன்றாவது ஃபின்னைப் பார்த்தார். மூன்றையும் ஏறக்குறைய ஒரே அளவாக்கினால் என்ன என்று செய்துபார்த்தார். பெயர் 'த்ரஸ்டர்'. 1981-ல் ராட்சச அலை வந்த பெல்ஸ் பீச் போட்டியையும் ஹவாயின் பைப்லைன் போட்டியையும் அதிலேயே ஜெயித்தார். அதற்கு அவர் காப்புரிமை வாங்கவில்லை. நாற்பது வருஷத்துக்கு மேலாகியும் போட்டிப் பலகை என்றால் பெரும்பாலும் அந்த மூன்று ஃபின்தான். கொட்டகையில் நான் ஆசைப்பட்டதும் அதைத்தான்.

எது நின்றது, ஏன்?

1990-களில் கெல்லி ஸ்லேட்டர் காலத்தில் பலகை வற்றல் மாதிரி மெலிந்தது. உலக சாம்பியனுக்கு அது சரி. அதைப் பார்த்து வாங்கிய அலுவலக மாமாக்களுக்கு அலையே கிடைக்கவில்லை. அந்தப் பத்தாண்டிலேயே நீளப் பலகை பெரிய அளவில் திரும்பி வந்தது. டாம் கரன், டெரெக் ஹைண்ட் போன்ற கை தேர்ந்தவர்கள் ஃபிஷ்ஷை மறுபடி வெளியே எடுத்தார்கள். சிம்மன்ஸின் 1940-களின் கணக்கைக் குட்டையாக்கி 'மினி சிம்மன்ஸ்' வந்தது. டாம் வெக்னர் என்ற செதுக்குநர் 2000-களின் நடுவில் பிஷப் அருங்காட்சியகத்து அலாயாக்களைப் பார்த்துவிட்டுப் போய், பவுலோனியா மரத்தில் ஃபின்னே இல்லாமல் செய்து ஓட்டிக் காட்டினார். மெல்லிய விளிம்பு மட்டுமே அலையைப் பிடிக்கிறது. வேகமோ வேகம். மரம் இடையில் வந்த அமெரிக்கப் பொருள்களைவிட ஒன்றும் குறைந்ததில்லை என்று தெரிந்தது.

எனக்குப் படுவது இதுதான். ஒவ்வொரு பலகையும் ஒரு அலைக்கும் ஒரு உடம்புக்கும் சொன்ன பதில். அந்த அலையும் உடம்பும் இருக்கும்வரை பதில் பழசாகாது. சோம்பல் அலைக்கு நீளப் பலகை. இடுப்பளவு, வேகமான அலைக்கு ஃபிஷ். செங்குத்துச் சுவருக்குத் த்ரஸ்டர். மலை அலைக்கு, கோடாரி வெட்டின் வாரிசான கன். யாரும் யாரையும் கொல்லவில்லை, இடம் பிரித்துக்கொண்டார்கள்.

ஓலோ மட்டும் முழுசாகத் திரும்பவில்லை. அதன் ஒரு பாதி, தொலைவிலேயே அலையைப் பிடிக்கும் நீளம், பிளேக்கின் குழிப் பலகை வழியாக மீட்புப் படையினரின் துடுப்புப் பலகையில் பிழைத்திருக்கிறது. இன்னொரு பாதி, இது தலைவனுக்கு மட்டும் என்ற பாதி, போயே போயிற்று. அதற்காக நான் வருத்தப்படவில்லை. பாகியின் பலகையைச் செதுக்கியவர்களின் கைப்பழக்கம் போனதற்குத்தான் வருத்தம். வடிவத்தை அருங்காட்சியகம் காப்பாற்றிக் கொடுத்துவிடும். கையை அதனால் காப்பாற்ற முடியாது.

கடைசியாக ஒன்று. அன்றைக்குக் கோவளத்தில் திரும்பும்போது மணலில் வரிசையாக ஃபைபர் படகுகள். பலகையை மாற்றிய அதே கண்ணாடி நார், அதே பிசின். அவை வருவதற்கு முன் இந்தக் கரையின் அலையைத் தாண்டி மீனுக்குப் போனது கட்டுமரம். கவிழ்ந்தாலும் மூழ்காது, உடையும் அலைமேல் சறுக்கிக்கொண்டே கரையேறும். "உங்க தாத்தா கட்டுமரத்துல அலையேறி வந்திருப்பாரே?" என்று அந்தப் பையனிடம் கேட்டேன்.

"வந்திருக்காரு சார். அப்பாவும்தான். கட்டத் தெரிஞ்சவங்க இப்ப எங்க தெருவுல ரெண்டு பேரு இருக்காங்க. வயசாயிடுச்சு."

அடுத்த தடவை அலைக்குப் போகும்முன் அந்த இரண்டு பேரைப் போய்ப் பார்க்க வேண்டும்.